சுட்ட மான்

வேண்டாம் தங்கச்சி, குறை நினையாதேங்கோ, நான் விரதம். மரக்கறி ரோல்ஸ் எண்டாலும் வேண்டாம். கொடி ஏறின நாளில இருந்து ஒரு நேரச் சாப்பாடுதான். மொன்றியலில எங்கட முருகன் கோயில் திருவிழா நடக்குது. இண்டைக்கு வேட்டைத் திருவிழா. பின்னேரம் சாமி குதிரை வாகனத்தில ஏறி வேட்டைக்குப் போவார். காட்டுக்கு இஞ்ச எங்க போறது, கோயில் கார் பார்க்கைத்தான் சுத்தி வருவார்.

உங்கட முகத்தில கேள்வி தெரியுது. வேட்டி கட்டி, விபூதி பூசி, விரதமும் பிடிச்சவன் திருவிழாவை விட்டிட்டு ஏன் ரொறன்ரோ பஸ்ஸில இருக்கிறான் எண்டுதானே? மறைக்க என்ன கிடக்கு. ஒருத்தனைப் பழி வாங்கத்தான் இருக்கிறன்.

போன் அடிக்கட்டும், விடுங்கோ. அது என்ர மனிசி தவமலர். அவளின்ர தம்பிதான் நான் சொன்ன ஆள். பரராஜசிங்கம். சனமெல்லாம் பரா, பரா எண்டு கூப்பிடும். வீடு வித்துக் குடுக்கிற ஏஜென்ட். பஸ் நிலையத்தில சனம் இருக்கிற ஒரு வாங்கில அவன்ர படம் ஒட்டியிருக்கு, பல்லெல்லாம் காட்டிக்கொண்டு. நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள். நான் கவனிச்சனான். வேற வாங்கில இடம் இருந்தது, நான் வேணுமெண்டு அவன்ர மூஞ்சைக்கு மேல போய் இருந்தனான்.

போன வருசமும் இதே வேட்டைத் திருவிழாதான். சாமியின்ர வாகனத்தைக் காவ ரெண்டு நீள மரம் இருக்கும். முன்னால தோள் குடுக்கிற இடத்தை நாங்கள் முன் கொம்பு எண்டுவம். அதில வலப்பக்கம் என்ர இடம். கோயில் ஒரு பழைய கராஜுக்குள்ள நடந்த காலத்தில இருந்து என்ர தோள்தான். தோள் காய்ச்சுப்போய்க் கிடக்கு, சட்டை போட்டிருக்கிறன், இல்லாட்டிக் காட்டுவன். போன வருசம் சால்வையை இடுப்பில இறுக்கிக்கொண்டு போய்க் குனியிறன், இவன் வந்து கையை நீட்டி மறிக்கிறான். கோயில் சபைச் செயலாளராம். "அத்தான், நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ. சனம் கதைக்குது. குடல் கழுவுற கை சாமியில படக்கூடாதாம்." மெதுவாய்ச் சொன்னவன் எண்டு நினைக்கிறியளோ? மைக் கழுத்தில தொங்குது. கார் பார்க் முழுக்கக் கேட்டுது.

ஓம் தங்கச்சி, நான் குடல் கழுவுறனான். அது என்ர வேலை. அங்க நிண்டவையில ஆட்டுக் குடல் கறி தின்னாதவை ஆர், சொல்லுங்கோ? இந்தப் பரா வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. சாமி வேட்டைக்குப் போகலாமாம், குடல் கழுவுறவன் அவரைக் காவக்கூடாதாம். நான் சால்வையை இடுப்பில இருந்து அவிட்டனான். போய், செருப்புக் கழட்டி வைக்கிற இடத்தில நிண்டனான். சனத்தின்ர செருப்புக்கு நடுவில நிண்டுதான் முடிவெடுத்தனான், இவனையும் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு நடுவில நிறுத்தவேணும் எண்டு.

நான் வேலை செய்யிறது ஹெர்ஷல் எண்டு ஒரு யூதரின்ர இறைச்சிக் கடையில. கடைக்குப் பின்னால சொசேஜ் செய்யிற இடம். வருசம் முழுக்க மாடும் கோழியும். குளிர் தொடங்கேக்க மான். யூதரின்ர சாப்பாட்டுச் சட்டத்தைப் பார்த்தியள் எண்டா எங்கட கோயில் மடப்பள்ளி தோத்துப்போகும். மானை அவை துவக்கால சுடமாட்டினம். அதுதான் முதல் சட்டம், அதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. வேலி போட்டு வளர்க்கிற பண்ணையில உயிரோட பிடிச்சு, அதுக்கெண்டு படிச்ச ஒருத்தர் கத்தியால அறுக்கவேணும். கத்தி வாயில ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் ஆகாது. மனிசன் நகத்தில ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்.

மாட்டுக்கு இல்லாத ஒரு வழக்கம் மானுக்கு இருக்கு. அதின்ர ரத்தத்தை மண் போட்டு மூடவேணும். கீழயும் மண், மேலயும் மண். மூடேக்க ஒரு மந்திரம் சொல்லுவினம். அந்த மண்ணைக் கல்லு வேர் இல்லாமல் அரிச்சு, சாக்கில கட்டிக் கொண்டுபோறது ஆர் எண்டு நினைக்கிறியள்? நான்தான். "தெய்வா, மண் ரெடியா?" எண்டு ஹெர்ஷல் என்னட்டத்தான் கேப்பார். என்ர பேர் தெய்வேந்திரம், அவருக்கு முழுக்க வாயில வராது. அந்த ரத்தத்தை மூடினதை முதல் தரம் பார்த்த அண்டைக்கு நான் இறைச்சி ஏத்துற வானுக்குள்ள போய் இருந்து அழுதனான். எங்கட ஊரில மனிசரின்ர ரத்தத்தையே மூட ஆள் இருக்கேல்லை. சரி, அதை விடுங்கோ, நான் பராவைப் பற்றி எல்லோ கதைக்க வந்தனான்.

இறைச்சி வந்தால் தண்ணியில ஊற வைச்சு, சாய்வான பலகையில கல்லுப்புப் பூசி, மிச்ச ரத்தத்தை வடிய விட்டுக் கழுவி எடுக்கிறது. பின்தொடையில ஒரு நரம்பு அவைக்கு ஆகாது. அதை இழுத்தெடுக்கிற கரைச்சலுக்குப் பயந்து நாங்கள் பின்பக்கமே தொடுறேல்லை. மானில கொழுப்பு இல்லை, அதால மாட்டு நெஞ்சுக் கொழுப்புச் சேர்க்கவேணும். பால், பட்டர் கிட்டவும் வரக்கூடாது. பன்றிக் குடல் எண்ட கதையே இல்லை. முறைப்படி அறுத்த மாட்டின்ர குடல் உப்புப் போட்டுப் பீப்பாவில வரும். அதை அலசி, உள்ளுக்குத் தண்ணி விட்டு, ஓட்டை பார்த்து எடுக்கிறது நான். மிளகையும் மல்லியையும் வறுத்துப் போடுங்கோ எண்டு சொல்லிக் குடுத்ததும் நான். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு மோட்கே எண்டு ஒரு கிழவர் நிப்பார். அவையின்ர சமயச் சங்கம் அனுப்பின மேற்பார்வைக்காரர். அடுப்பையும் அவர்தான் மூட்டுவார். கிழவர் தலையாட்டினாத்தான் அது சொசேஜ், இல்லாட்டிக் குப்பை.

இனித்தான் கதை. நவம்பரில பரா வீட்டுக்கு வாறான். செருப்புக்கு நடுவில என்னை நிறுத்தினவன், ஒண்டும் நடவாத மாதிரிச் சிரிச்சுக்கொண்டு வந்து கதிரையில இருக்கிறான். "அத்தான், உங்கட ஹெர்ஷல் பக்கத்துக் கட்டடத்தை விக்கப்போறாராம். என்னட்டத் தரச் சொல்லி நீங்கள் ஒருக்காக் கதைக்கவேணும்." நான் தேத்தண்ணியைக் குடிக்கிறன். "சும்மா வேண்டாம் அத்தான், நான் ஒரு வேலை செய்திருக்கிறன். ஏஜென்ட்மார் கொஞ்சப்பேர் சேர்ந்து லைசன்ஸ் எடுத்து வேட்டைக்குப் போனனாங்கள். ஒரு மான் விழுத்தியிருக்கிறன். அவை மான் சொசேஜ் சாப்பிடுவினம் எண்டு அக்கா சொன்னவ. அவையின்ர முறைப்படி செய்து கொண்டுபோய்க் குடுத்தா மனிசன் விழுந்திடும். முறையை மட்டும் சொல்லித்தாங்கோ."

விளங்குதோ தங்கச்சி? சுட்ட மான். வெடி பட்டு விழுந்த உடனயே அது அவைக்குச் செத்த பிணம். பிறகு உப்புப் பூசினாலென்ன, பொன் பூசினாலென்ன. எனக்குச் சொல்லுறதுக்கு வாய்க்குள்ள வந்திட்டுது. தேத்தண்ணியோட சேர்த்து விழுங்கிப்போட்டன். "சரி பரா, வடிவாக் கேள்" எண்டன்.

மற்ற எல்லாம் சொன்னனான். ஒண்டும் விடேல்லை. புதுக் கத்தி வாங்கு, பாவிச்சது கூடாது. புதுப் பலகை, புதுச் சட்டி, புது அரைக்கிற மிஷின். பின்பக்கத்தைத் தொடாதை. கல்லுப்பை எப்பிடிப் பூசுறது, எப்பிடி வடிய விடுறது, எல்லாம். கரைச்சல் கூடக்கூடத்தானே விழேக்க நோகும். மோட்கே பக்கத்தில நிண்டு பாராத இறைச்சியை, நாங்கள் தனிய எங்கட கையால செய்ததை, அவை தொடவே மாட்டினம் எண்டதையும் நான் சொல்லேல்லை. கேட்டாத்தானே சொல்லுறது.

ஒரு பொய்யும் சொன்னனான். ஒண்டே ஒண்டு. "குடலை நீயே உன்ர கையால கழுவவேணும் பரா, வேற ஆள் கழுவினா முறை பிழைச்சுப்போகும்" எண்டனான். அது எனக்காகச் சொன்னது.

கழுவினான் தங்கச்சி! அவன்ர கராஜுக்குள்ள, அந்தக் குளிரில, கோட்டைக் கழட்டிப்போட்டு, முழங்கை வரைக்கும் குடல். நான் ஒரு கதிரையைப் போட்டு முன்னால இருந்து பார்த்தனான். "அத்தான், சரியா மணக்குது" எண்டான். "பழகும்" எண்டனான். "கை விறைக்குது அத்தான்" எண்டான். "சுடுதண்ணி விட்டா வெடிச்சுப்போகும், பச்சைத் தண்ணிதான்" எண்டனான். அது உண்மைதான், அதில நான் பொய் சொல்லேல்லை. கலியாணம் கட்டின காலத்தில இருந்து அவனோட நான் அவ்வளவு சந்தோசமாய் இருந்த பொழுது வேற இல்லை. செய்து முடிச்ச சொசேஜும், பொய் சொல்லக்கூடாது, நல்ல வடிவாய்த்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமை காலமை கொண்டு வா" எண்டனான். ஏன் தெரியுமோ? வெள்ளி பொழுதுபட அவையின்ர ஓய்வு நாள் தொடங்கும், அதுக்குப் பிறகு சமைக்க மாட்டினம். அதால காலமை ஊர் முழுக்க எங்கட கடையில நிக்கும். ஒரு கார் பார்க் சனத்துக்கு முன்னால அவன் என்னை மறிச்சவன். எனக்கும் அவ்வளவு சனம் வேணும்.

வந்தான். கோட், கழுத்தில ரை, வெள்ளித் தாள் சுத்தின தட்டம், அதில நாடாவும் கட்டி. தாடிக்காரர், பிள்ளை தூக்கின மனிசியள், எல்லாரையும் விலத்திக்கொண்டு நேரா வந்து இறைச்சி வெட்டுற மேசைக்கு மேல தட்டத்தை வைச்சுத் தாளைத் திறந்தான். "மிஸ்டர் ஹெர்ஷல், மான் சொசேஜ். முழுக்க உங்கட முறைப்படி, என்ர கையால." ஹெர்ஷலுக்குச் சிரிப்பு வந்தது. "எந்தப் பண்ணையில அறுத்தது?" எண்டு கேட்டார். இவன் போனை எடுத்துப் படத்தைக் காட்டுறான். கொம்பைப் பிடிச்சுக்கொண்டு, துவக்கோட. "பண்ணை இல்லை சேர், காடு! ஒரே வெடி!"

பிள்ளை தூக்கின மனிசியள் பின்னால விலகிச்சினம். மோட்கே கிழவர் கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ள நிக்குது. சனத்தை வெளியால அனுப்பிக் கதவைப் பூட்டி, கத்தியெல்லாத்தையும் எடுத்து அங்கால வைச்சு, பெரிய கிடாரத்தில தண்ணி கொதிக்க வைச்சு மேசை முழுக்க ஊத்தினார். வெள்ளிக்கிழமை! கன பேர் இறைச்சி இல்லாமல் வீட்டுக்குப் போச்சினம். அதுக்கு நான் என்ன செய்ய? கொண்டு வா எண்டுதான் சொன்னனான், மேசைக்கு மேல வை எண்டு நான் சொன்னனானோ? பரா நடுக் கடையில நாடாவைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். எனக்கு எப்பிடி இருந்தது எண்டு கேளுங்கோ. தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

அதோட முடிஞ்சிருக்கவேணும். முடியேல்லை.

ஹெர்ஷல் அவனைப் பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெட்டியில இருத்தினார். பரா அழுதிட்டான். நான் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில நிண்டு கேக்கிறன். ஹெர்ஷல் சொல்லுறார், "சுட்டதை நாங்கள் சாப்பிட ஏலாது. ஆனா கேள், எங்கட சட்டம் உனக்கு இல்லை. அந்தச் சட்டம் இல்லாத ஒருத்தன் எங்களுக்காகக் குளிர் தண்ணியில குடல் கழுவினதை நான் ஒரு நாளும் கேள்விப்படேல்லை. ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" பரா மூக்கைத் துடைச்சுக்கொண்டு சொல்லுறான், "என்ர அத்தான்தான். கராஜுக்குள்ள எனக்குப் பக்கத்திலயே இருந்து சொல்லித் தந்தவர். துவக்கு விசயத்தை நான்தான் கேக்காமல் விட்டிட்டன்."

அவனுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை! விசரன்! ஒருத்தனைப் பழி வாங்கினா வாங்கினது அவனுக்குத் தெரியவேண்டாமோ? நான் பட்டதெல்லாம் வீண். வீண் தங்கச்சி.

ஹெர்ஷலுக்கு விளங்கிப்போச்சு. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்னேரம் எல்லாரும் போனாப் பிறகு வந்தார். "தெய்வா, குடல் கழுவுற முறை வரைக்கும் சொன்னனீ. சுடக்கூடாது எண்டதைச் சொல்லேல்லை." நான் பலகையைக் கழுவிக்கொண்டு நிண்டனான். "கண் தெரியாதவன் நடக்கிற வழியில கல்லு வைக்காதே எண்டு எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. உப்பு, கத்தி, நரம்பு, எல்லாம் அதுக்குப் பிறகுதான்." நான் கேட்டன், "துவக்கை நானோ எடுத்துக் குடுத்தது?" எண்டு. சரியான கேள்விதானே? மனிசன் லைற்றை நூத்துப்போட்டுப் போயிட்டார்.

அடுத்த கிழமை மான் அறுக்கப் போகேக்க என்னைக் கூப்பிடேல்லை. மண் சாக்கைப் புதுசா வந்த மெக்சிக்கோக்காரன் தூக்கிக்கொண்டு போறான். என்னைப் பெட்டி கட்டுற இடத்துக்கு மாத்திப்போட்டார். சம்பளம் அதே சம்பளம், குறை சொல்லக்கூடாது. ஆனா அவன் மண்ணை அரிக்கிறான் இல்லை தங்கச்சி. நான் சாக்கைத் திறந்து பார்த்தனான். கல்லும் வேரும் அப்பிடியே கிடக்கு. அதைப் போட்டு மூடினா மூடினதோ? ஆரிட்டப் போய் இதைச் சொல்லுறது?

பக்கத்துக் கட்டடம் ஆரின்ர கையால வித்துது எண்டு கேக்கமாட்டியளோ? பராவின்ர கையாலதான். ஹெர்ஷல் அவனைக் கூப்பிட்டுக் குடுத்தவர்.

இதையும் பொறுத்தனான். பிறகு இந்த வருசத் திருவிழாக் கூட்டம். பரா எழும்பி மைக்கைப் பிடிக்கிறான். "போன வருசம் நான் என்ர அத்தானைச் சனத்துக்கு முன்னால பிழையாய்க் கதைச்சிட்டன். சனத்துக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கிறன். நானும் குடல் கழுவிப் பார்த்தனான். அது எவ்வளவு துப்புரவான வேலை எண்டு கழுவினாத்தான் தெரியும். எனக்கு அவர் பொறுமையா இருந்து சொல்லித் தந்தவர். முன் கொம்பு அவரின்ர இடம்." சனம் கை தட்டுது. தவமலர் சீலைத் தலைப்பால கண்ணைத் துடைக்கிறாள். ஐயர் என்னைப் பார்த்துத் தலையாட்டுறார்.

எனக்கு அண்டைக்கு ஏறின எரிச்சல் மாதிரி ஒரு நாளும் ஏறேல்லை. என்ர இடத்தை எனக்குத் தர இவன் ஆர்? நான் இவனை விழுத்திப்போட்டு எடுக்க இருந்த இடம். இவன் நல்லவனாய் மாறி அதைக் கையில தூக்கித் தாறான். நான் அதை வாங்கி, முழு ஆயுசுக்கும் அவன் தந்த கொம்பைக் காவவேணுமோ? ஏலாது. கனக்க யோசிச்சன். பிறகு கண்டுபிடிச்சன். விரதம் பிடிக்கிறது, வேட்டி கட்டுறது, மனிசியைக் கோயில் வாசலில இறக்கிறது, "கடையில ஒரு அலுவல், இந்தா வாறன்" எண்டு சொல்லுறது, காரைக் கொண்டுபோய் பஸ் நிலையத்தில விடுறது. அவ்வளவுதான். சாமி எழும்புற நேரத்தில முன் கொம்பில வலப்பக்கம் ஆள் இல்லை. குதிரை ஒரு பக்கம் சரியும். "எங்க உன்ர அத்தான்?" எண்டு சனம் மைக் பிடிச்சிருக்கிறவனைப் பார்க்கும். அவன் வாயைப் பிளந்துகொண்டு நிப்பான். இந்தத் தரம் அவனுக்குத் தெரியும், வேணுமெண்டுதான் செய்தது எண்டு. கட்டாயம் தெரியும்.

ரொறன்ரோவில எனக்கு ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. போய் இறங்கி, அடுத்த பஸ்ஸில திரும்புறதுதான்.

நீங்கள் கேக்கிறதும் சரிதான். அப்பிடியெண்டா விரதம் எதுக்கு, ரோல்ஸைத் தின்னலாமே எண்டு. விரதம் சாமிக்கு, தங்கச்சி. பழி அவனுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

திரும்பவும் அடிக்குது. இவள் விடமாட்டாள். பொறுங்கோ, ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்.

ஓம், சொல்லும்... ஓம்... ஆர் சொன்னது?... சரி. சரி. ஓமப்பா... வந்துகொண்டுதான் இருக்கிறன், றோட்டில சரியான வாகன நெரிசல்... ஓம். வையும்.

சாமி வெளிக்கிட்டு வாசலில நிக்குதாம். நேரம் தவறுது எண்டு ஐயர் அவதிப்படுறாராம். முன் கொம்புக்கு வேற ஒருத்தர் தோள் குடுக்க வந்தவராம். பரா கையை நீட்டி மறிச்சுப்போட்டானாம். "அத்தான் வரட்டும். அவர் வராமல் சாமி எழும்பாது" எண்டு மைக்கில சொல்லிப்போட்டானாம். சனம் வெயிலுக்குள்ள நிக்குதாம். அவனும் வெறும் மேலோட, மற்றக் கொம்பில கையை வைச்சுக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நிக்கிறானாம்.

நிக்கட்டும்! நிண்டு வேகட்டும். நான் வாறன் எண்டு சொல்லியிருக்கிறன் எல்லோ, இனி ஒருத்தரும் அசையமாட்டினம். போன வருசம் நான் நிண்டது எவ்வளவு நேரம்...

சாமியும் வெயிலுக்குள்ளதான் நிக்கிறார்.

ஏன் அப்பிடிப் பார்க்கிறியள்? ஹெர்ஷலும் குளிர் அறைக் கதவடியில என்னை இப்பிடித்தான் பார்த்தவர்.

தங்கச்சி, இந்த பஸ் அடுத்ததா எங்க நிக்கும்? கிங்ஸ்டனோ? அதில இறங்கினா மொன்றியலுக்குத் திரும்பிப் போற பஸ் உடன கிடைக்குமோ, உங்கட போனில ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. சாமி காவ இல்லை. அதெல்லாம் இல்லை. அவன் நிக்கிற நிலையை ஒருக்கா என்ர கண்ணால பார்க்கவேணும், அவ்வளவுதான்.